ரேஸ் இன்ஜெக்ஷனும் சவரிமுத்து அண்ணனின் ஆயிலும்

1. தண்ணீராகக் கொட்டிய ஆயில்

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் நட்டைக் கழற்றியதும், ஆயில் கொட்டிய விதத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடாக இருந்தாலும் ஒரு கனத்தோடு, நாடா போல இறங்கும். இது சாயத் தண்ணீர் மாதிரி தட்டில் அடித்துத் தெறித்தது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். பெற்றோல் வாடை.

காரைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். எங்கள் கராஜ் முதலாளி. காருக்குச் சொந்தக்காரரான துரை. அந்தக் காரை ஓட்டும் சவரிமுத்து அண்ணன்.

"பாத்தியா?" என்று துரை டிரைவரைப் பார்த்துக் கேட்டார். "நான் கொழும்புலருந்து எடுப்பிச்சுக் குடுத்த ஆயிலா இது? அத வித்துட்டு, எவனோ லொறிக்காரன் வடிச்ச கழிவை வாங்கி, பெற்றோல் கலந்து ஊத்தியிருக்க."

"இல்லீங்க தொரை. நீங்க குடுத்த டின்னைத்தான் ஒடைச்சு ஊத்துனேன். மாதா மேல சத்தியம்."

"மாதாவக் கராஜுக்கெல்லாம் இழுக்காத."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க ஒன்னு சொல்லுங்க. நீங்க பூட்டுன அந்த இன்ஜெக்ஷன் செட்டுலருந்து ஆயிலுக்குள்ள பெற்றோல் எறங்க வழி இருக்கா, இல்லையா? இருக்குன்னா ஒங்க வேலை சரியில்ல. இல்லைன்னா இவன் திருடன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. சனிக்கிழமை வேற ஆளு வரச் சொல்லியிருக்கேன்."

சவரிமுத்து அண்ணன் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடிக்க இனி இடமில்லாத அளவுக்குச் சின்னதாக மடித்துவிட்டார். பங்களாவுக்குப் பின்னால் அவருக்குக் கொடுத்திருந்த வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் பண்டாரவளைப் பக்கத்தில் வேறு எந்தத் துரையும் அவரிடம் சாவியைக் கொடுக்கமாட்டார்.

கராஜ்களுக்குப் பயிற்சிக்கு வரும் தங்கச்சிமார், தம்பிமார் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் பெரிய அனுபவசாலி இல்லை. என் மகள் இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன்.

2. பெட்டியில் வந்த செட்

பதுளையில் எங்கள் கராஜில் நான் பம்ப் ரூமில் வேலை செய்கிறேன். லொறி, பஸ், டிராக்டர்களின் டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, எந்தக் குழாயில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று கண்ணாடிக் குழல்களில் அளந்து, சமப்படுத்திக் கொடுப்பது என் வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கராஜில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு எங்கள் முதலாளி ஒரே பதில்தான் சொல்வார்: "லொறிக்கி ஸ்பானர் புடிக்க ஆயிரம் பேரு இருக்கான். அளந்து முடிச்சதை மறுபடி அளக்க எனக்கு ஒரு ஆள்தான் கெடைச்சிருக்கு."

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டு தடவை அளப்பது என் வழக்கம். வீட்டிலும் அப்படித்தான். காஸ் மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். என் கணவர் ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெக்டரி கிளார்க். மகளை அங்கேயே புள்ளக்காம்பராவில், அதுதான் தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், விட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன்.

துரை பண்டாரவளைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். பங்களாவில் வெளியூர் விருந்தினர்களைத் தங்கவைக்கிறார். அவர்களைப் பதுளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் வருவதற்கு ஒரு பழைய இங்கிலாந்துக் கார் வைத்திருக்கிறார். விருந்தினர்களுக்கு அந்தக் காரில் ஏறுவதே ஒரு விசேஷம்.

அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் மலையேற்ற ரேஸ்களில் கார் ஓட்டியவர். அந்த ரேஸ் கார் எப்போதோ போய்விட்டது. அதிலிருந்து கழற்றி எடுத்த பியூவல் இன்ஜெக்ஷன் செட் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியில், மரத்தூளுக்குள் புதைந்து கிடந்தது. மீட்டரிங் யூனிட், நான்கு இன்ஜெக்டர், எஞ்சினுக்குக் காற்று போகும் வாசலைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிகள், ஹை-ப்ரெஷர் பம்ப், அந்தப் பம்ப்பைப் போட்டு அணைக்க ஒரு பெரிய டாகிள் சுவிட்ச். எல்லாமே மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் சுற்றினால் மீட்டரிங் யூனிட்டும் சேர்ந்து சுற்றும். சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் அளவு பெற்றோலைத் தள்ளும். விருந்தினர் காரின் எஞ்சினும் ரேஸ் காரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின் என்பதால் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இந்த செட்டைப் பூட்டலாம்.

"அப்பாவோட கார்ல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வேணும்" என்றார் துரை. "சுவிட்ச் உட்பட. அந்த சுவிட்சப் போட்டதும் பின்னால பம்ப் ஒரு சத்தம் போடும் பாருங்க, சின்ன வயசுல அதக் கேட்டுத்தான் ஓடி வருவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "டீசல் பம்ப் பாக்குறவளுக்கு இது பால் குடிக்கிற மாதிரி. என்ன ஸ்டெல்லா?"

எனக்கு அப்படி இல்லை. ரேஸ் பாகம் என்பது ஒரே ஒரு வேலைக்காகச் செய்தது. ரேஸ் காரன் மிதித்த காலை எடுப்பதே அபூர்வம். அதனால் த்ராட்டில் மூடியிருக்கும்போது எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதைப் பற்றி அந்த யூனிட்டைச் செய்தவர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கொஞ்சம் கூடவே போகும். ரோட்டுக் காரோ பாதி நேரம் காலை எடுத்தபடி ஓடுவது. அதுவும் ஏறி இறங்கும் எங்கள் ஊவா மலை ரோட்டில்.

உயரமும் ஒரு பிரச்சினை. மேலே போகப் போகக் காற்று மெலியும். பதுளையில் சரியாக வைத்த கலவை பண்டாரவளைக்கு மேலே பெற்றோல் மிகுந்ததாகிவிடும். பங்களா உயரத்துக்கு வைத்தால், மொனராகலைப் பக்கம் இறங்கும்போது பெற்றோல் போதாமல் பிஸ்டன் சூடேறும். இந்த செட்டுக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. பங்களாவுக்கும் பதுளைக்கும் நடுவான ஓர் அளவில் வைத்து, மொனராகலைக்கு இறங்குவதாக இருந்தால் முதலில் எங்களிடம் கொண்டுவரச் சொன்னேன்.

ரப்பர் பாகங்கள் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. ஓ-ரிங், சீல், குழாய் என்று எதையும் விடாமல் மாற்றினேன். பெஞ்சில் ஏற்றி நான்கு குழல்களிலும் ஒரே அளவு வரும்வரை விடவில்லை. காரில் பூட்டி, நானும் முதலாளியும் பண்டாரவளைவரை ஏறி இறங்கிப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டதும் டிக்கிக்குள் இருந்த பம்ப் 'ஙொய்ங்' என்று இழுத்தது. துரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்றைக்கு நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

3. பெஞ்ச் சொன்ன பதில்

ஆயில் தண்ணீரான அன்றே செட்டைக் கழற்றி மறுபடி பெஞ்சில் ஏற்றினேன். பெற்றோல் ஆயிலுக்குள் இறங்க எனக்குத் தெரிந்து இரண்டு வழி. மீட்டரிங் யூனிட் எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் சீல் விட்டிருக்க வேண்டும். அல்லது இன்ஜெக்டர் ஒழுகி, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு பெற்றோல் கீழே சம்ப்புக்குப் போக வேண்டும்.

சீல் விடவில்லை. இன்ஜெக்டர் ஒழுகவில்லை. குளிர்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது என்று மறுநாள் யூனிட்டைச் சூடாக்கியும் பார்த்தேன். பிடித்து நின்றது. கலவை மிகையாக இருக்கலாம் என்று ப்ளக்குகளைக் கழற்றினேன். கொஞ்சம் கரி. ஆனால் ஒரு சம்ப் ஆயிலையே தண்ணீராக்கும் அளவுக்கு இல்லை.

முதலாளி வாசலில் நின்று கேட்டார். "என்ன சொல்லுது?"

"செட்டுல பிழை இல்ல முதலாளி."

"அப்ப முடிஞ்சிச்சு. நம்ம பக்கம் சுத்தம். துரைக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு அந்த பஸ் பம்ப்ப எடு. ரெண்டு நாளா காத்துக்கிட்டு இருக்கான்."

"செட்டுல பிழை இல்லன்னு சொன்னா, சவரிமுத்து அண்ணன் திருடன்னு சொன்னதா ஆயிரும்."

"நீ அப்பிடியா சொல்ற? நீ செட்டப் பத்திச் சொல்ற. மத்தத அவர் முடிவு பண்ணட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பதில் உண்மையாகவும் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். ஆனால் நான் அளந்தது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் வருவது போலவே வந்தது. மறுபடி அளந்தேன். அதே பதில்தான்.

வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார், "அந்த ஆளு ஒரு தடவையாவது ஒன்கிட்ட மாத்திப் பேசியிருக்காரா?"

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் சவரிமுத்து அண்ணன் வேறு வேலையாகக் கராஜுக்கு வந்திருந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைக் காட்டி, "தங்கச்சி, இந்தக் காரு ஆயிலே குடிக்க மாட்டேங்குது. ஊத்தாமலே கோட்டுக்கு மேல ஏறுது பாரு" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், "அண்ணே, ஒங்க காரு மாசமா இருக்கு போல" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரே நாளில் கெட்ட ஆயிலை ஊற்றியிருந்தால், ஊற்றிய அளவு அப்படியே நிற்கும். நாளுக்கு நாள் ஏறாது. ஏறுகிறது என்றால் பெற்றோல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. அதோடு, ஆயிலை விற்றவன் ஆயிலைக் காட்டிச் சிரிக்கவும் வரமாட்டான்.

சோற்றை மகள் துப்பிவிட்டாள். நான் ஊட்டுவதை நிறுத்தி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை.

4. ஏறும்போது ஒன்றுமில்லை

மறுநாள் புது ஆயிலை நானே ஊற்றினேன். செட்டைப் பூட்டி, சவரிமுத்து அண்ணனை வரச்சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல ஒக்காந்து வர்றேன். தினமும் எப்பிடிப் போவீங்களோ அப்பிடியே போங்க."

"எதுக்கு தங்கச்சி? இனி என்ன இருக்கு?"

"நாங்க ஓட்டிப் பாத்தப்போ ஆயில் கெடல. நீங்க ஓட்டும்போதுதான் கெடுது. அந்த வித்தியாசம் என்னன்னு பாக்கணும்."

அவர் முகம் மாறியது. நானும் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஹாலிஎல தாண்டியதும் அவர் தானாகவே சொன்னார்.

"நேத்துக் காலைல பெரட்டுல வச்சுச் சொல்லிட்டாரு."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் எல்லாரும் கூடிப் பேர் கொடுக்கும் இடம்.

"எல்லாரும் நிக்கிறாங்க. என் சம்சாரம் பிலோமினாவும் கொழுந்துக் கூடையோட நிக்கிறா. 'இனிமே பங்களா சாமான் எதையும் சவரிமுத்துக் கையில குடுக்காதீங்க'ன்னு கணக்கப்பிள்ளைக்கிட்ட சொல்றாரு. எனக்குச் சொல்லல பாத்தியா. எனக்குக் கேக்குற மாதிரி அவருக்குச் சொல்றாரு. அவ ராவு முழுக்க என்கிட்ட ஒரு வார்த்த பேசல. நான் எடுத்திருப்பேன்னு நெனைக்கிறாளா, எடுக்கலன்னு நெனைச்சு அழுகிறாளான்னு எனக்குத் தெரியல."

பங்களாவரை ஏறினோம். நல்ல டிரைவர். கியரை எஞ்சினுக்கு வலிக்காமல் மாற்றினார். மேலே போய் டிப் ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் தேன் மாதிரி இருந்தது. பெற்றோல் வாடை இல்லை. ஒரு ப்ளக்கைக் கழற்றினேன். சுத்தமான காப்பி நிறம். ஒன்றுமில்லை.

ப்ளக்கைத் திரும்பப் பூட்டினேன். ஒன்றுமில்லை என்றால் அவருக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும்.

"போகலாம் அண்ணே."

இறங்கத் தொடங்கினோம். பண்டாரவளை டவுணைக் கடந்து, பதுளை ரோட்டில் இறக்கம் தொடங்கும் இடத்தில், அவர் மூன்றாம் கியருக்கு மாற்றினார். காலை எடுத்தார். பிறகு வலது கையைச் சாதாரணமாகக் கொண்டுபோய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

எஞ்சின் சத்தம் அடங்கியது. டயர் சத்தமும் காற்றும்தான். அதற்கு நடுவில், பின்னால் டிக்கிக்குள்ளிருந்து ஒரு சத்தம் நிற்காமல் கேட்டது. ஙொய்ங்.

"அண்ணே, சாவிய மூடிட்டீங்களா?"

"எறக்கந்தானே. கியர்ல கெடக்கு, வண்டி புடிச்சு எறங்கும். இனி ஹாலிஎல கிட்ட வந்துதான் சாவி போடுவேன்."

"எப்பவும் இப்பிடியா?"

"லொறி ஓட்டுன காலத்துலருந்து. நாடே பெற்றோல் இல்லாம, நாள் கணக்குல வரிசையில நின்னது மறந்துபோச்சா? இந்தத் தோட்டத்து டிரைவர்மாரு எல்லாரும் இப்பிடித்தான். தொரை காசுன்னா மட்டும் கொட்டலாமா?"

நான் அந்தச் சுவிட்சைப் பார்த்தேன். துரையின் தகப்பனார் காரில் இருந்த அதே டாகிள் சுவிட்ச். பம்ப்புக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. சாவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரேஸ் காரில் அப்படித்தான் இருக்கும். ரேஸ் காரன் ஸ்டார்ட் பண்ணுமுன் பம்ப்பைப் போட்டு அழுத்தம் ஏற்றுவான். முடிந்ததும் அதை அணைப்பான். அவன் இறக்கத்தில் சாவியை மூடிக்கொண்டு போகிறவன் இல்லை.

இப்போது நடப்பது இதுதான். சாவி மூடியதால் ப்ளக்கில் நெருப்பு இல்லை. கார் கியரில் இருப்பதால் சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றினால் மீட்டரிங் யூனிட்டும் சுற்றும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. மூடிய த்ராட்டிலுக்கு ரேஸ் யூனிட் தாராளமாகக் கொடுக்கும் பெற்றோல், ஒவ்வொரு சுற்றுக்கும், எரியாமல் சிலிண்டருக்குள் விழுகிறது. சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்குகிறது. மிச்சம் சூடான சைலன்சருக்குள் போகிறது.

"அண்ணே, சாவி போடுறப்போ ஏதும் சத்தம் கேக்குமா?"

"டப்புனு ஒன்னு வெடிக்கும். வெள்ளக்காரப் புள்ளைங்க அதக் கேக்கவே காத்துக்கிட்டு இருக்குங்க. தொரையே சொல்லுவாரு, ரேஸ் காருன்னா வெடிக்கத்தான் செய்யும்னு."

அந்தப் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழேதான் சைலன்சர் குழாய் போகிறது. எனக்கு என் மகள் முகம் வந்து நின்றது.

"நிப்பாட்டுங்க. சாவி போடாதீங்க. சுவிட்ச அணைச்சிட்டு ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். டிப் ஸ்டிக்கை எடுத்து அவர் மூக்குக்குக் கிட்டே நீட்டினேன். மேலே தேனாக இருந்தது, இப்போது பெற்றோல் மணத்தது.

அவர் கம்பியை வாங்கி, தானே மறுபடி முகர்ந்தார்.

"அப்ப நான் தான் ஆயிலக் கெடுத்தேனா?"

"நீங்க இல்ல. ஒங்க பழக்கத்துக்கும் அந்த சுவிட்சுக்கும் ஒத்துப்போகல. அத நாங்க யாரும் யோசிக்கல."

"தொரைக்கிட்ட சொன்னா, திருடன்ங்கறத மாத்தி எஞ்சினக் கெடுத்தவன்ம்பாரு. வீடு எப்பிடியும் போயிரும் தங்கச்சி."

ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, நான் கண்டுபிடித்தது அவருக்கு நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் இருந்தேன். பம்ப் சுவிட்சை அணைத்தபடியே, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டரைத் தொடாமல் கொஞ்ச நேரம் காற்றாடவிட்டு, பிறகு ஸ்டார்ட் பண்ணி, சாவியை மூடாமல் மெதுவாகக் கராஜுக்குக் கொண்டுவந்தோம்.

5. வெள்ளிக்கிழமை

முதலாளி நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"சுவிட்ச சாவியோட சேக்காம விட்டது யாரு?"

"துரைதான் அப்பிடியே வேணும்னார்."

"அவர் கேட்டார். வயர் இழுத்தது நம்ம கராஜ். இதச் சொன்னா, தண்ணி ஆயில்ல தேஞ்ச எஞ்சின் பேரிங்க நம்ம தலையில கட்டுவார். யோசிச்சியா?"

"யோசிச்சேன் முதலாளி. சொல்லாம விட்டா அந்தக் குடும்பத்த நாம வெளியில தள்ளுனதா ஆகும். புது டிரைவரும் இந்த ரோட்டுல ஓட்டுன ஆளாத்தான் வருவான். அவனும் சாவிய மூடுவான். ஒரு நாள் பிள்ளைங்களோட பத்திக்கும்."

அவர் வெளியே போனார். என் வேலையும் அன்றோடு போய்விட்டதோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "நானும் வர்றேன். நீ தனியாப் போய்ச் சொன்னா அவர் ஒன்னைப் பேச விடமாட்டார்."

சவரிமுத்து அண்ணன் காரை ஓட்ட, பங்களாவுக்குப் போனோம். துரையை வார்த்தையால் நம்பவைக்க முடியவில்லை. "சாவி மூடுனா எல்லாம் நிக்கும் மிஸ். இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார். அதனால் அவரைக் காரில் ஏறச் சொன்னோம். புது ஆயிலை அவர் கண் முன்னால் ஊற்றினோம். அவர் கையாலேயே டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தார். பங்களாவுக்குக் கீழே ஒரு சின்ன இறக்கத்தில் சவரிமுத்து அண்ணன் சாவியை மூடினார். எஞ்சின் அடங்கியது. பம்ப் மட்டும் இழுத்துக்கொண்டே வந்தது.

துரை தலையைத் திருப்பி டிக்கிப் பக்கம் பார்த்தார். சின்ன வயதில் ஓடி வந்து கேட்ட சத்தம். அவருக்கு அது அந்த நேரத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

கீழே நிறுத்தி மறுபடி டிப் ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்தார். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சுவிட்ச என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"சுவிட்ச் அங்கேயே இருக்கட்டும். ஆனா சாவி வழியா வர்ற கரண்டுதான் சுவிட்சுக்குப் போகும். ரெண்டும் போட்டாத்தான் பம்ப் ஓடும். சாவிய மூடுனா பம்ப்பும் நிக்கும். பம்ப் நின்னா யூனிட் சும்மா சுத்தும், பெற்றோல் போகாது. கார் எதுலயும் மோதுனா தானா நிக்கிற சுவிட்ச் ஒன்னும் வைக்கணும்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "வயர் நாங்க இழுத்தது. பேரிங் போயிருந்தா நாங்க பாத்துக்கிறோம்."

"பாதி என்னோடது" என்றார் துரை. "அப்பிடியே வேணும்னு நான் தானே ஒத்தக்கால்ல நின்னேன்." பிறகு டிரைவரைப் பார்க்காமலே சொன்னார், "சவரிமுத்து, நாளைக்கி வர்ற ஆள வேணாம்னு சொல்லிர்றேன். நீ வேலையப் பாரு."

நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். சவரிமுத்து அண்ணன் மட்டும் அசையவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொரை, ஒன்னு கேக்கலாமுங்களா?"

"என்ன?"

"வீட்டுக்காக இத்தன நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்பக் கேக்கறேன். பெரட்டுல வச்சுச் சொன்னீங்க. இங்க நாலு பேருக்கு முன்னால நான் திருடன் இல்லைன்னு ஆனா போதாதுங்க. அங்கயே சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா இந்தாங்க சாவி. வீட்ட ஞாயித்துக்கெழம காலி பண்ணித் தர்றேன்."

சாவியைக் கார் பானட் மேல் வைத்தார். வைத்த சாவியைத் திரும்ப எடுக்கவில்லை.

துரை கோபப்படுவார் என்று நினைத்தேன். தோட்டத்தில் ஒரு டிரைவர் துரையிடம் இப்படிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். துரை பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் பங்களாப் பக்கம் மேலே நடந்துவிட்டார். சாவி அங்கேயே கிடந்தது.

நானும் முதலாளியும் பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் நான் அவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். "கேக்கச் சொல்லி நாம தூண்டிவிட்ட மாதிரி ஆயிருச்சோ? வேலை கெடைச்சதோட விட்டிருக்கலாமோ?"

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர். "அந்த மனுசன் கேட்டது சரி."

6. என்ன கற்றேன்

சனிக்கிழமை காலை, மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சவரிமுத்து அண்ணன்.

"சொல்லிட்டாரு தங்கச்சி."

"என்ன சொன்னார்?"

"பெருசா ஒன்னும் இல்ல. 'சவரிமுத்து ஆயில் எடுக்கல. கார்லதான் கோளாறு. நான் சொன்னது பிழை.' அவ்வளவுதான். சொல்லிட்டு வேகமாப் போயிட்டாரு." பிறகு சொன்னார், "பிலோமினா கூடைய எறக்கி வச்சிட்டு நின்னா. அவளுக்குக் கேட்டுச்சு."

அந்தக் காரை இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். இறக்கத்தில் சாவியை மூடும் பழக்கத்தை விடச் சொல்லியிருக்கிறேன். விட்டேன் என்கிறார். நான் முழுக்க நம்பவில்லை. அதனால்தான் சுவிட்சை மாற்றினேன். ஒரு மனிதனின் கைக்குப் பல வருடமாகப் பழகிப்போன ஒன்றை ஒரு கராஜின் அறிவுரை மாற்றிவிடாது. பாகத்தைத்தான் அந்தக் கைக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

பழைய ரேஸ் பாகத்தைக் கொண்டுவந்து காட்டினால் நீங்கள் ஆசைப்படுவீர்கள். அழகாகத்தான் இருக்கும். சீல் மாற்றுங்கள், பெஞ்சில் ஏற்றுங்கள், இரண்டு தடவை அளந்து பாருங்கள். அதெல்லாம் பாதி வேலை. அந்தப் பாகம் ஒரு ரேஸ் காரனின் கைக்காகச் செய்யப்பட்டது. இனி அதை ஓட்டப் போகிறவர் யார், எந்த ரோட்டில், எப்படி ஓட்டுவார் என்று அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பூட்டுவதற்கு முன்னாலேயே செய்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெஞ்ச் என்னிடம் சொன்ன பதில் பொய் இல்லை. செட்டில் பிழை இல்லைதான். நான் அதை மட்டும் போனில் சொல்லியிருந்தால், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் ஒரு மனிதரைத் திருடனாக்கியிருப்பேன்.